இளவெயிலுக்கு எட்டும் தூரம்: மதுரையைச் சுற்றி ஒருநாள் உலாவும் ஒளிப்படமும்

ஒருநாள் உலா என்று இந்நூல் குறிப்பது, இரவு சொந்த வீட்டில் உறங்கி, விடியுமுன் புறப்பட்டு, கதிரவன் எழும்போது சேர வேண்டிய இடத்தில் நின்று, வெயில் ஏறிய பின் நிழலில் ஓய்ந்து, அன்றே வீடு திரும்பிவிடக்கூடிய சிறு பயணத்தையே ஆகும். இவ்வரையறையில் தூரத்தை அளப்பது வெளிச்சம். முதல் வெயில் விழுமுன் எட்ட முடியாத இடம், எவ்வளவு புகழ்பெற்றதாயினும், ஒருநாள் உலாவுக்கு உரியதன்று. மதுரை நகரின் நடுவிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால், அதற்குள் பாறைக்குன்றுகளும் சமணக் குகைகளும் கண்மாய்களும் நெல்வயல்களும் வைகைக் கரையும் அடங்கிவிடுகின்றன. இவை அனைத்தையும் ஓராண்டு முழுவதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சென்று பார்த்தாலும் தீராது. தொலைதூரச் சுற்றுலாவில் எடுக்கப்படும் ஒளிப்படம் பெரும்பாலும் பேருந்து நின்ற நேரத்தின் படமாக அமைந்துவிடுகிறது. அருகிலுள்ள இடத்துக்கோ வானம் தெளியாவிட்டால் அடுத்த வாரம் மீண்டும் போகலாம், மழை பெய்த மறுநாள் போகலாம், ஒரே பாறையை ஆனியிலும் மார்கழியிலும் காணலாம். மீண்டும் போக முடிவதே அருகிலுள்ள இடத்தின் முதன்மையான சிறப்பு என்பதும், நல்ல ஒளிப்படத்தில் பாதி அந்த மறுவருகையிலேயே உருவாகிறது என்பதும் இந்த அத்தியாயத்தின் அடிப்படை.

கதிரவனின் கணக்கு

ஒளிப்படக் கையேடுகளில் மிகுதியும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. கதிரவன் எழுந்த பின்னும் மறையுமுன்னும் ஒவ்வொரு மணி நேரம் மென்மையான மஞ்சள் ஒளி கிடைக்கும் என்று அவை கூறும். நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதொலைவில் உள்ள அந்நாடுகளில் கதிரவன் சாய்ந்த பாதையில் மெதுவாக ஏறுவதால் அக்கூற்று அங்கே பொருந்தும். மதுரையோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருப்பதால், இங்கே கதிரவன் அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட நேர்மேலாக எழுகிறது. 10 பாகை உயரத்தை எட்ட அதற்குச் சுமார் 40 நிமிடங்களே பிடிக்கின்றன. இளவெயில் எனத் தமிழில் வழங்கும் அந்த ஒளி, கையேடுகள் வாக்களிப்பதைவிடக் குறுகியது என்பதை மனத்தில் கொண்டால்தான், இடத்தைத் தேடுவதிலும் கருவியைத் திருத்துவதிலும் அந்த 40 நிமிடங்களை வீணாக்காமல் இருக்க இயலும். கதிரவன் எழுவதற்கு முன் ஏறக்குறைய 20 நிமிடம் நீடிக்கும் கருக்கல் வெளிச்சம் நிழலற்றது, நீலம் கலந்தது. நீர்ப்பரப்புக்கும் மலைகளின் புறவடிவுக்கும் அதுவே ஏற்றது. ஆகவே உலா செல்வோர் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே இடத்தில் இருத்தல் வேண்டும்.

அந்த உதயம் எப்போது என்பதும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. மதுரையில் மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் கதிரவன் காலை 5.55 அளவில் எழுகிறது. ஜனவரி பிற்பகுதியில் அது 6.40 வரை தள்ளிப்போகிறது. மாலையில், நவம்பர் நடுவில் 6 மணிக்குச் சற்று முன்பே மறைவதும், ஜூலை தொடக்கத்தில் 6.40-ஐக் கடந்தும் நிற்பதும் உண்டு. மணியைவிடத் திசை இன்னும் முக்கியமானது. மார்கழியில் கதிரவன் நேர்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை தெற்கே விலகியும், ஆனியில் அதே அளவு வடக்கே விலகியும் எழுகிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதி வாரத்திலும் மதுரைக்கு நேர் உச்சியில் நண்பகல் வெயில் விழுகிறது; இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் கதிரவன் வடபுறமாகச் சாய்ந்து நிற்பதால், ஆண்டின் பிற மாதங்களில் நிழலிலேயே கிடக்கும் வடக்கு நோக்கிய பாறை முகங்களும் மண்டபச் சுவர்களும் அப்போது மட்டும் வெயில் காண்கின்றன. வடமுகச் சிற்பம் ஒன்றைத் தை மாதத்தில் எடுத்துவிட்டு, வெளிச்சம் போதவில்லை என்று வருந்துவோருக்கு ஆனி வரை காத்திருத்தலே தீர்வு.

கல்லும் சாய்வெயிலும்

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டிய கீழக்குயில்குடியில் உள்ள சமணர்மலை, ஒளிப்படம் கற்கத் தொடங்குவோர் முதலில் செல்ல வேண்டிய இடமாகும். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து நகரப் பேருந்திலேயே அங்கு போய்விடலாம். அடிவாரத்தில் அய்யனார் கோயிலும், அகன்ற ஆலமரங்களும், தாமரைக் குளமும் அமைந்திருப்பதால், மலையேறாத முதியோரும் குழந்தைகளும்கூடப் பொழுதைக் கழிக்க அங்கு வசதி உண்டு. மலையின் ஒரு பகுதியில் செட்டிப்புடவு என்னும் குகை இருக்கிறது. புடவு என்பது குகையைக் குறிக்கும் பழஞ்சொல். அதன் வெளிப்புறப் பாறையில் அமர்ந்த நிலையிலான பெரிய தீர்த்தங்கரர் உருவமும், குகையின் உட்கூரைப் பகுதியில், சிங்கத்தின் மீதமர்ந்து வில்லேந்தி, யானை மீது வருபவனை எதிர்க்கும் இயக்கியின் உருவம் உள்ளிட்ட சிறு புடைப்புச் சிற்பங்களும் காணப்படுகின்றன. மலையின் மற்றொரு பகுதியான பேச்சிப்பள்ளத்தில், இயற்கையான சுனையை ஒட்டி, எட்டுத் திருவுருவங்கள் ஒரே வரிசையில் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைச் செய்வித்தோரின் பெயர்கள் வட்டெழுத்தில் கீழே பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவை கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

புடைப்புச் சிற்பம் என்பது பாறை முகத்திலிருந்து சில விரற்கடை மட்டுமே எழுந்து நிற்கும் உருவமாகும். வெயில் அதன் முகத்தில் நேராக விழும்போது நிழலே தோன்றாது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் சிற்பம் படத்தில் தட்டையான வெளிறிய பாறையாகிவிடும். வெயில் பாறை முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் செல்லும்போதுதான் மூக்கின் விளிம்பும் முக்குடையின் வளைவும் எழுத்தின் பள்ளமும் தத்தம் நிழலைப் பெற்று எழுந்து நிற்கும். இவ்வகை ஒளியை இந்நூல் சாய்வெயில் என்று குறிக்கிறது. தெற்கு நோக்கிய பாறைக்கு மார்கழி, தை மாதங்களின் காலை வெயில் இவ்வாறு உரசிச் செல்லும். வடக்கு நோக்கியதற்கு ஆனி, ஆடியின் காலையும் மாலையும் அவ்வாறே உதவும். கிழக்கு நோக்கிய பாறைக்கு உதயவேளை சற்றும் ஏற்றதன்று. அப்போது ஒளி நேராக விழுவதால், முற்பகல் 10.30 மணிக்கு மேல் கதிரவன் உயர்ந்து, மேலிருந்து கீழாகப் பாறையை உரசும் வரை பொறுத்திருக்க வேண்டும். ஒளிப்படத்துக்கு நண்பகல் ஆகாது என்ற பொதுவிதி கல்வெட்டுகளுக்குச் செல்லாது என்பதை இது காட்டுகிறது. முதல் வருகையில் படம் எடுப்பதைக் காட்டிலும், ஒவ்வொரு பாறையும் எத்திசை நோக்கியது என்பதைக் கைப்பேசியிலுள்ள திசைகாட்டியால் பார்த்துக் குறித்துவருவது பெரிய பயன் தரும்.

குகைக்குள்ளும் பாறையின் முன்னிறக்கத்தின் கீழும் வெயில் எட்டுவதில்லை. அங்கே ஒரு வெள்ளை வேட்டியையோ துண்டையோ வெயில் விழும் தரையில் விரித்து, அதிலிருந்து திரும்பும் ஒளியைச் சிற்பத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் விழச்செய்தால், விலையுயர்ந்த விளக்குகளுக்குச் சற்றும் குறையாத விளைவு கிடைக்கும். கருவியிலேயே பொருத்தப்பட்ட ஃபிளாஷ் விளக்கோ நேர்வெயிலைப் போலவே சிற்பத்தைத் தட்டையாக்கிவிடுகிறது; பழைய வண்ணப்பூச்சின் எச்சங்கள் உள்ள இடங்களில் அதைப் பயன்படுத்தவே கூடாது. எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் தீட்டுவதும், நீர் ஊற்றிக் கழுவுவதும், கல்லால் தேய்ப்பதும் ஈராயிரம் ஆண்டுகள் தாங்கி நின்றவற்றை ஒரு காலைப்பொழுதில் சிதைக்கும் செயல்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அவை சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஈராயிரம் ஆண்டு என்பது மிகைக்கூற்றன்று. மேலூர் வட்டத்தில் மீனாட்சிபுரத்தை ஒட்டிய மாங்குளம் மலைக்குகைகளில், ராபர்ட் சீவெல் 1882-ஆம் ஆண்டு கண்டறிந்து உலகுக்கு அறிவித்த தமிழி எழுத்துகள், தமிழி என்றும் தமிழ்-பிராமி என்றும் வழங்கப்படும் தொல்வரிவடிவின் மிகப் பழைய சான்றுகளுள் சேர்ந்தவை. நெடுஞ்செழியன் என்னும் பெயர் அவற்றில் இடம்பெறுவதை ஐராவதம் மகாதேவன் 1960-களில் கண்டு விளக்கியபோது, சங்கப் பாடல்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த பாண்டியப் பெயருக்குக் கல்லில் சான்று கிடைத்தது. இவ்வெழுத்துகள் குகை வாயிலுக்கு மேலே, மழைநீர் உள்ளே வழியாமல் தடுக்க வெட்டப்பட்ட காடியின் அருகில் இருப்பதால், கீழிருந்து அண்ணாந்து எடுக்கும் படத்தில் அவை குறுகித் தோன்றும். இயன்றவரை பின்னால் விலகி நின்று, நீண்ட குவியத் தொலைவுள்ள லென்ஸால், அதாவது தூரத்துப் பொருளை அருகில் காட்டும் டெலி லென்ஸால் எடுத்தால் எழுத்தின் அளவு சிதையாது.

நகருக்கு வடகிழக்கே, மேலூர்ச் சாலையில் உயர் நீதிமன்றக் கிளையைக் கடந்ததும் வரும் ஒத்தக்கடையில், படுத்திருக்கும் யானையின் வடிவில் எழுந்துள்ள ஆனைமலை முற்றிலும் வேறுவகையான பாடத்தைத் தருகிறது. அடிவாரத்து நரசிங்கத்தில் உள்ள குடைவரைக் கோயில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சரான மாறன் காரியால் கி.பி. 770-இல் எடுப்பிக்கப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. கோயிலினுள் படம் எடுப்பது குறித்து அங்குள்ளோரைக் கேட்டே நடக்க வேண்டும். ஒளிப்படக்காரருக்கு உண்மையான பொருள் மலையே. ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே கல்லாகக் கிடக்கும் அதன் முழு வடிவை அடிவாரத்திலிருந்து எடுக்க இயலாது. ஓரிரு கிலோமீட்டர் விலகி, வயல்வரப்பிலோ கண்மாய்க் கரையிலோ நின்றால்தான் யானை யானையாகத் தெரியும். பலர் அகன்ற காட்சியைக் காட்டும் வைட் ஆங்கிள் லென்ஸைத் தேர்ந்து, மலையைச் சிறுகுன்றாக்கிவிடுகின்றனர். விலகி நின்று டெலி லென்ஸால் எடுக்கையில், முன்னே நிற்கும் பனைமரங்களும் வீடுகளும் சிறுத்து, பின்னே மலை தன் உண்மையான பேருருவில் எழுகிறது. மழை பெய்து ஓய்ந்த பின் பாறையின் மேல் வழியும் நீர்க்கோடுகள் மாலை வெயிலில் வெள்ளியாக மின்னுவதை ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களில் காணலாம். அந்தக் காட்சிக்காக நான்கைந்து முறை வீண்நடை நடந்தாலும் தகும்.

குன்றுகளில் ஏறுவோர் மூன்று இடர்களை அறிந்திருத்தல் நலம். வெறும் பாறை காலை 9 மணிக்கே காலைச் சுடத் தொடங்கும். மழைக்காலத்தில் கரும்பாசி படிந்த சரிவுகளில், ஏறும்போது பிடித்த கால் இறங்கும்போது பிடிக்காது. பாறை விளிம்புகளில் தொங்கும் மலைத்தேனீக் கூடுகள் எல்லாவற்றிலும் கொடியவை. அவற்றின் அருகே புகை, உரத்த ஒலி, வாசனைத் தைலம் எதுவும் கூடாது, தேனீக்கள் கலைந்து எழுந்தால் கருவியைப் போட்டுவிட்டேனும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அவ்விடத்தை விட்டு விலகிவிட வேண்டும்.

கண்மாய்க் கரை

ஏரி என்று வடதமிழகத்தில் வழங்குவதே மதுரைச் சீமையில் கண்மாய் எனப்படுகிறது. வரத்துக்கால் வழியே வரும் மழைநீரை வளைந்த மண்கரையால் தேக்கி, மடைகளின் வழியே வயலுக்கு விட்டு, மிகுந்த நீரைக் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு அனுப்பும் இவ்வமைப்பின் உறுப்புகளை அறிந்தவருக்கே அதைப் படமெடுக்கும் இடங்களும் தெரியும். கரை எப்போதும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் இருக்கும். நீர் ஆழமாக நிற்பதும் அங்கேதான். எதிர்ப்புறமான நீர்பிடிப்புப் பகுதியில் நீர் மெலிந்து சேறாகி முடிவதால், காலால் நடந்து இரைதேடும் பறவைகள் அந்தப் பக்கமே கூடும். கரை மீது நின்று நீர்க்கோழிகளையும் வாத்துகளையும் எடுக்கலாம். நெடுங்கால் உள்ளானுக்கும் அரிவாள் மூக்கனுக்கும் எதிர்ப்புறம் செல்ல வேண்டும். கலுங்கில் நீர் வழியும் நாள்களில், துள்ளும் மீனுக்காக மடையான்களும் கொக்குகளும் மனிதரைப் பொருட்படுத்தாமல் நிற்பதால், சாதாரண லென்ஸ் உள்ளவருக்கும் நல்ல படம் வாய்க்கும்.

நகருக்குத் தெற்கே விமான நிலையப் பக்கத்தில் உள்ள சாமநத்தம் கண்மாய், பறவை ஆர்வலர் நன்கறிந்த இடம். நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத்தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, நீர்க்காகம் முதலியவற்றைக் காண்பதற்கு நெடுந்தொலைவுச் சரணாலயம் எதற்கும் போகத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிக் கண்மாய்கள் நிரம்பிய பின், மார்கழி முதல் மாசி வரையிலான காலமே வலசைப் பறவைகளுக்கும் காலைப்பனிக்கும் உரியது. பறவைகளின் படத்தில் கதிரவன் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருத்தல் வேண்டும். ஆகவே காலையில் கண்மாயின் கிழக்குப் புறத்திலும் மாலையில் மேற்குப் புறத்திலும் நின்றுகொள்வது எளிய விதி. பனிமூட்டமும் நீராவியும் எழும் காலையில் மட்டும் இவ்விதியைத் தலைகீழாக்கி, கதிரவனை எதிர்நோக்கி நின்றால், பனி ஒளிர்ந்து பறவைகள் கருநிழல்களாக அமையும்.

வெண்கொக்கு எடுப்போர் அனைவரும் ஒரு சிக்கலை எதிர்கொள்கின்றனர். கருவியின் ஒளிமானி, தான் காணும் காட்சி முழுவதும் சராசரியான சாம்பல் நிறமுடையது என்று கொண்டு கணக்கிடுகிறது. கரிய நீர்ப்பரப்பில் ஒரு வெள்ளைக்கொக்கு நிற்கும்போது, நீரின் கருமையைக் கண்டு அது வெளிச்சத்தைக் கூட்டிவிடுவதால், கொக்கின் இறகுக்கோடுகள் அழிந்து வெள்ளைத்தாளாகிவிடும். கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானால் ஒளியளவை ஒரு படி குறைத்து எடுப்பதே இதற்கு மருந்து. கைப்பேசியில், கொக்கின் மீது விரலை அழுத்திப் பிடித்து, தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் அதே விளைவு கிடைக்கும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே விழும் நேர அளவு, ஒரு வினாடியில் 1,600-இல் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும்; நின்று இரைதேடும் பறவைக்கு 500-இல் ஒரு பங்கு போதும்.

பறவையின் கண்மட்டத்துக்குக் கருவி தாழும்போது படம் உயிர்பெறுகிறது. கரைச்சரிவில் அமர்ந்து, முழங்காலில் கையூன்றி, ஒரே இடத்தில் அரை மணி நேரம் அசையாதிருந்தால், விலகிச் சென்ற பறவைகள் தாமே அருகில் வரும். கல்லெறிந்து கூட்டத்தைப் பறக்கவிட்டுப் படமெடுக்கும் வழக்கம் கடுமையாகக் கண்டிக்கத்தக்கது. வலசை வந்த பறவை பகலில் சேர்க்கும் ஆற்றலை அது வீணடிக்கிறது. கூட்டில் குஞ்சுள்ள காலத்தில் கிளையை விலக்கிப் படமெடுப்பதும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பதும் அதே வகையின.

அரிட்டாபட்டி

மதுரைக்கு வடகிழக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் உள்ள அரிட்டாபட்டி, பாறையும் நீரும் பறவையும் தொல்லெழுத்தும் ஒரே நடையில் கிடைக்கும் இடம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த 193.42 ஹெக்டேர் நிலப்பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்பது, அரிய உயிரினங்களும் அவற்றோடு இணைந்த மக்கள் வாழ்வும் ஒருங்கே காக்கப்பட வேண்டிய இடமாகச் சட்டப்படி அறிவிக்கப்படுவதாகும். ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள், ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் என்று அந்த அறிவிப்பு இதன் வளத்தைக் கணக்கிட்டது. 2024 நவம்பரில் இப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வெளியானபோது, சுற்றுவட்டார ஊர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அங்கு செல்வோர் இதை அறிந்திருப்பது, ஊர்மக்கள் வெளியாரை ஏன் விசாரிக்கின்றனர் என்பதைப் புரிந்துகொள்ள உதவும். வந்த நோக்கத்தைத் தெளிவாகச் சொல்பவருக்கு வழிகாட்டவும் அவர்கள் தயங்குவதில்லை.

லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, இராசாளி ஆகிய மூன்று வேட்டைப்பறவைகள் இங்குள்ள குன்றுகளில் வாழ்கின்றன. அவற்றைப் படமெடுக்க விரும்புவோர் பாறையின் மீது ஏறாமல், எதிர்ப்புறச் சமவெளியில் மரநிழலில் அமர்ந்து, காலை 8 மணிக்கு மேல் பாறை சூடேறி வெப்பக்காற்று எழுகையில் அவை வட்டமிடுவதற்குக் காத்திருப்பதே முறை. மார்கழி முதல் பங்குனி வரை அவை கூடுகட்டும் காலமாதலால், கூடுள்ள பாறையின் இருப்பிடத்தைப் படத்தோடு வெளியிடலாகாது. கைப்பேசி படத்துக்குள் தானாகவே இடக்குறிப்பைப் பதித்துவிடும் என்பதால், அந்த வசதியை முன்னதாகவே அணைத்துவிட வேண்டும். பறவை வராத நாளிலும் பயணம் வீணாவதில்லை: பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரையும், அதன் வாயிலருகே கையில் தடியோடு அமர்ந்த, தமிழகத்தில் அரிதாகவே காணப்படும் இலகுலீசர் சிற்பமும், அதைச் சூழ்ந்த சுனைகளும் ஒரு முழுக்காலைப் பொழுதுக்குப் போதுமானவை.

வயலும் ஆறும் நகரும்

வடமேற்கே சோழவந்தான் வரையிலான வைகைக் கரையில், பெரியாற்று நீர் பாயும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலைக் கொடிக்கால்களும் உள்ளன. நாற்று நட்ட முதல் இரு வாரங்களில் வயல் கண்ணாடியாக வானத்தைக் காட்டும். பயிர் அடர்ந்தபின் அக்காட்சி மறைந்துவிடும். கொடிக்காலுக்குள் அகத்தி மரங்களின் ஊடே வடிகட்டி விழும் பசுமை கலந்த ஒளி, மனிதரின் முகங்களை எடுக்க மிக ஏற்றது. ஆனால் கொடிக்கால் ஒருவரின் பிழைப்பு நிலம் என்பதால், உரிமையாளரைக் கேட்டு, அவர் சொல்லும் வழியிலேயே நடக்க வேண்டும். பலர் அதற்குள் செருப்போடு நுழைவதை விரும்புவதில்லை.

நகருக்குள் ஒரே ஓரிடம் போதும். திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில், அண்மை ஆண்டுகளாக வைகை நீர் விடப்பட்டு வருவதால், நீராழி மண்டபத்தின் நிழலுரு கருக்கல் வேளையில் முழுமையாக நீரில் விழுகிறது. காற்று எழுவதற்கு முன், கதிரவன் தோன்றுவதற்குக் கால் மணி முந்திய பொழுதே அதற்கு உரியது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் கைப்பேசிக்குத் தடை உள்ளதால், அதை வெளிவீதிகளிலிருந்து எடுப்பதோடு நிறைவடைய வேண்டியதே.

கருவியும் கட்டுப்பாடும்

இந்த உலாக்களுக்குக் கைப்பேசி ஒன்றே போதுமானது; பறவைகளுக்கு மட்டுமே அதன் எல்லை வெளிப்படும். கருவி வாங்கும் எண்ணமுடையோர் ஓராண்டு கைப்பேசியோடு நடந்த பின்பு, தம் படங்களில் எது குறைந்தது என்று பார்த்து வாங்குவது பணத்தைக் காக்கும். முக்காலி வைத்துப் படமெடுக்கத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முன்அனுமதி தேவை. ஒரு துணிப்பையில் இரண்டு படி பயறு நிரப்பி எடுத்துச் சென்றால், பாறையிலும் கரையிலும் கருவியை அசையாமல் தாங்க அதுவே உதவும். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் எவ்வுயரத்திலும் டிரோன் பறக்கவிட அனுமதி பெற வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் கூறுகின்றன; பறவைகள் கூடும் கண்மாயிலும் வல்லூறு வாழும் குன்றிலும், அனுமதி இருந்தாலும் அதைப் பறக்கவிடாமல் இருப்பதே நல்லது.

நாற்று நடும் பெண்களையும், ஆடு மேய்ப்பவரையும், வலை வீசுபவரையும் கேட்காமல் எடுப்பது முறையன்று; குளிக்கும் துறைகளின் பக்கம் கருவியைத் திருப்பவே கூடாது. எடுத்த படத்தை அவருக்கு அங்கேயே காட்டுவதும், அடுத்த வருகையில் அச்சிட்ட பிரதி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அருகிலுள்ள ஊரில் மட்டுமே இயலும் மரியாதை. ஒருமுறை அவ்வாறு செய்தவருக்கு அந்த ஊரில் பிறகு எவரும் வழி மறிப்பதில்லை.

ஒவ்வோர் உலாவுக்கும் ஒரு குறிப்பேடு தேவை. நாள், மணி, நின்ற இடம், நோக்கிய திசை, காற்று, நீர்மட்டம், கண்ட பறவை ஆகியவற்றை நிழலில் அமர்ந்து உண்ணும் வேளையிலேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் எழுதினால் திசை மறந்துபோகும். படத்தை விடவும் இக்குறிப்பே அடுத்த ஆண்டு அதே இடத்துக்கு எப்போது போக வேண்டும் என்று சொல்லும். நகரைச் சுற்றிய கண்மாய்களில் பல ஒரு தலைமுறைக்குள் வீட்டுமனைகளாகிவிட்ட நிலையில், தேதியும் திசையும் குறிக்கப்பட்ட சாதாரணப் படமும் ஆவணமாகிறது. ஆகவே வாசகர், வீட்டுக்கு மிக அருகிலுள்ள கண்மாய் ஒன்றைத் தேர்ந்து, அதன் கரையில் ஒரு மரத்தடியையோ மடையையோ நிலையான இடமாகக் கொண்டு, மாதத்துக்கு ஒரு காலை வீதம் ஓராண்டில் பன்னிரண்டு படங்கள் எடுக்கத் தொடங்கலாம். அதற்கு ஆவணி மாதமே ஏற்றது. மழையை நம்பிய கண்மாய்கள் அப்போது பெரும்பாலும் வறண்டு கிடக்கும், ஐப்பசியில் முதல் நீர் வந்து சேர்வதற்கு இரண்டு மாதம் இருக்கும்.